வேப்பிலையும் இல்ல, ஸ்டிக்கரும் இல்ல

எலே, அந்தச் சன்னலைச் சாத்தாத. கொசு வருதாக்கும்? வரட்டும். ஒங்க ஆச்சி கொசுவலையைத் தேடிக்கிட்டிருக்கா, கெடச்சதும் உள்ள தள்ளி விடுவா. சன்னல் தெறந்தே கெடக்கணும். நான் தார்சாவுல உக்காந்து பேசுதது ஒனக்குக் கேக்கணும். நீ இருமுத காத்தும் வெளிய போகணும். நான் நாற்காலி போட்டிருக்க எடத்தைப் பாத்தியா? ஐப்பசி மாசத்து வாடை எந்தப் பக்கமிருந்து வீசுதுன்னு பாத்து, ஒன் மூச்சு எம்மேல படாத பக்கமா இழுத்துப் போட்டு உக்காந்திருக்கேன். பேரன் மேல பாசம் உண்டு. அதுக்காக இந்த எண்பது வயசுல ஒங்கூடச் சேந்து இருமுததுக்கு எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?

எங்க வாங்குன சரக்குன்னு கேட்டா, தெரியலைங்க. எனக்குத் தெரியும். கிளாம்பாக்கத்துல ஏசி ஸ்லீப்பர்ல ஏறிருக்க. ராத்திரி பூரா மேல் பெர்த்துல ஒருத்தன் லொக்கு லொக்குன்னு இருமுனாம்னு வந்து எறங்குனப்ப நீயே சொன்ன. சன்னல் தொறக்க வழியில்லாத வண்டி, முப்பது பேரு விட்ட மூச்சையே முப்பது பேரும் திருப்பித் திருப்பி இழுத்துக்கிட்டு வந்திருக்கிய. அந்தக் காலத்து ரூட் பஸ்ஸுல மழை பெய்யும், வெயிலடிக்கும், புழுதி வரும், ஆனா காத்தும் வரும். இப்ப அந்த மேல் பெர்த்துக்காரன் அவன் ஊர்ல எறங்கிட்டான். அவன் சரக்கு நம்ம ஊர்ல எறங்கிருச்சு.

அதோட விட்டியா? தீவாளிக்கு வந்த மகராசன், ஒரு வீடு பாக்கியில்லாம ஏறி எறங்குன. பெரியம்மை வீட்டுல அதிரசம், மாமன் வீட்டுல முறுக்கு, வடக்குத் தெருவுல சீட்டாட்டம். அன்னைக்கு ஒனக்குக் காச்ச இல்ல, உண்மைதான். ஆனா நம்ம நர்சம்மா என்ன சொல்லுதான்னா, இந்த ஃப்ளூக் காச்ச மேலுல தெரியுததுக்கு முந்துன நாளே அடுத்தவனுக்குப் பரவ ஆரம்பிச்சிருமாம். அப்ப நீ தின்ன முறுக்குக்கெல்லாம் கையோட காசு குடுத்துட்டுத்தான் வந்திருக்க. நாலஞ்சு நாள்ல பாரு, எந்தெந்த வீட்டுல இருமல் சத்தம் கேக்கோ அதெல்லாம் நீ பலகாரம் தின்ன வீடு.

என்னது? லேப்டாப்பா? ஏதோ கால் இருக்காமா?

எடுத்துத் தாறேன் ராசா, தாராளமா எடுத்துத் தாறேன். நீ ஒரு வாரம் படுத்தா அமெரிக்காவுல பாங்கியெல்லாம் பூட்டிருவாம்லா. அங்க வெள்ளைக்காரன் ஒன் தலைமாட்டுல நின்னுல்லா அழுதுக்கிட்டிருக்கான். 101 டிகிரி மேலு கொதிக்கையில நீ எழுதுத கணக்கு எந்த லச்சணத்துல இருக்கும்? நாளைக்கு அதைத் திருத்துததுக்கு நாலு பேரை வைக்கணும். கேளு, எனக்கு நாப்பது வயசுல மஞ்சக்காமாலை வந்து படுத்தேன். நான் இல்லாம களையெடுப்பு என்னாவும், தண்ணி பாய்ச்ச ஆள் யாருன்னு ராப்பகலா வெசனம். எந்திரிச்சுப் போயி வரப்புல நின்னு பாக்கேன், வயலு பச்சைப் பசேல்னு கெடக்கு. களையெடுத்த பொம்பளைய சொல்லுதாவ, 'நீரு இல்லாததுனால வேலை ரெண்டு நாள் முந்தியே முடிஞ்சிட்டு'ன்னு. ஒன் மேனேசரும் இந்நேரம் அப்படி ஒண்ணைத்தான் கண்டுபிடிச்சிருப்பான். அவன் வாயால அதைச் சொல்ல விடாத. பேசாம லீவைப் போட்டுட்டுப் படு.

படுக்கதுன்னா என்னன்னு நெனச்ச? போனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு மல்லாக்கக் கெடக்கதுக்குப் பேரு படுக்கை இல்ல. காலையிலேருந்து அந்தப் போன்ல என்ன பாத்துக்கிட்டிருந்தன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. இருமல்னு போட்டுத் தேடுனா நுரையீரல் புத்துன்னு வருது, தலைவலின்னு போட்டா மூளையில கட்டின்னு வருது. மத்தியானத்துக்குள்ள ஒனக்கு அஞ்சாறு சீக்கு வந்து போயிட்டு. டாக்டர் சொன்னது ஒண்ணே ஒண்ணு: ஃப்ளூ. காச்ச மூணு நாளு, மேல் வலி அஞ்சு நாளு, இருமல் மட்டும் மூணு வாரம் வரைக்கும் கெடந்து இழுக்கும். அவ்வளவுதான் கதை. இதுல சண்டை போடுதது ஒன் ஒடம்பு. அந்தக் கொதிக்குதுங்கியே, அதுவே ஒடம்பு போடுத சண்டைதான். நீ செய்யக் கூடிய ஒதவி, நடுவுல புகுந்து எடஞ்சல் பண்ணாம கெடக்கதுதான். அதுதான் ஒங்க வம்சத்துக்கே வராது. ஒங்க அப்பன் காச்சலோட டிராக்டர் ஓட்டி, வாய்க்காலுக்குள்ள எறக்குன ஆளுல்லா.

ஒண்ணு கேக்கேன். இந்தத் தெருவுல, நான் சின்னப் பயலா இருக்கையில, ஒரு வீட்டுல அம்மை போட்டிருக்குன்னு வச்சுக்க. வாசல்ல ஒரு கொத்து வேப்பிலை சொருகிருப்பாவ. அவ்வளவுதான். போலீசு வேண்டாம், கலெக்டர் உத்தரவு வேண்டாம். கடன் கேக்க வந்தவன்கூட வேப்பிலையைப் பாத்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிருவான். அந்த வீட்டுக்காரவளும் எங்கயும் போக மாட்டாவ. அடுப்பாங்கரையில தாளிக்க மாட்டாவ. படுத்திருக்கவ பக்கத்துல சத்தமாப் பேச மாட்டாவ. பொருக்கு உதுந்து, தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் உள்ள ஆளு உள்ள, வெளிய ஆளு வெளிய. பெரியம்மைப் பொருக்கு கடைசி ஒண்ணு உதிருத வரைக்கும் ஒட்டும்னு இப்பத்தான் நர்சம்மா சொல்லித் தெரியும். நம்ம பாட்டிமாருக்கு வைரஸ்னு ஒரு பேரு தெரியாது. ஆனா எந்த நாள்ல தண்ணி ஊத்தணும்னு தெரிஞ்சிருக்கு.

அதுக்காக வேப்பிலைதான் அம்மையை ஓட்டிச்சுன்னு மீசையை முறுக்காத. செத்தவ செத்துக்கிட்டேதான் இருந்தாவ. இந்தா பாரு எங்கையில, ரெண்டு தழும்பு. பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த ஆளு வந்தா நாங்க பூரா பயலுவளும் பின்பக்கச் சுவரேறிக் குதிச்சு ஓடுவோம். பிடிச்சு இழுத்துட்டு வந்து குத்துனான். அந்தக் குத்துதான் 1975-ஓட நாட்டுல பெரியம்மையே இல்லாமப் பண்ணிச்சு. 1980-ல ஒலகத்துலயே இல்லைன்னு சொல்லிட்டாவ. வேப்பிலை ஆளை ஒதுக்கி வச்சுது, ஊசி சீக்கை ஒதுக்கி வச்சுது. ரெண்டுக்கும் அதது சோலி.

பொறவு 2020-ல கொரோனா வந்துச்சே, அப்ப என்ன செஞ்சாவ? மார்ச் 25-லேருந்து ஊரே அடைப்பு. காச்சக்காரன் வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டுனாவ, சில தெருவுல தகரத்தை வச்சு அடைச்சாவ. வேப்பிலை பாத்த வாசல்தான், ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் பாரு. வேப்பிலை சொருகுன வீட்டுல உள்ள படுத்திருக்கது ஆத்தா. கும்பிட்டுட்டு வெலகிப் போவான். ஸ்டிக்கர் ஒட்டுன வீட்டுல உள்ள படுத்திருக்கவன் ஏதோ களவாண்டவன். எட்டிப் பாத்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு, 'அவனுக்குத்தானாம்ல' அப்படின்னு கடையில போயிச் சொல்லுவான். கெழக்குத் தெருவுல ஒரு மனுசன், காச்ச வந்ததை ஆருக்கும் சொல்லாம மறைச்சு, வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிட்டு வந்து, வீட்டுல அத்தனை பேருக்கும் குடுத்தான். எதுக்கு மறைச்சான்? சீக்குக்குப் பயந்தா? ஸ்டிக்கருக்குப் பயந்துல்லா!

இப்ப ஒனக்கு வந்திருக்கதுக்கு வேப்பிலையும் இல்ல, ஸ்டிக்கரும் இல்ல. 'சாதாக் காச்சதானே'ன்னு ஒரு சொல்லு கண்டுபிடிச்சு வச்சிருக்கானுவ. அந்தச் சாதாக் காச்சதான் 1918-ல பம்பாய்த் துறைமுகத்துல கப்பலைவிட்டு எறங்கி, ரயிலேறி, நாடு பூரா சுத்தி, ஒரு கோடி பேருக்கு மேல கொண்டு போச்சு. எங்க பாட்டையா அந்தக் காலத்து ஆளு. அந்த வருசத்தைப் பத்திக் கேட்டா வெத்தலையைத் துப்பிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு, பேச மாட்டாரு. இப்ப உள்ள ஃப்ளூ அவ்வளவு முரடு இல்ல, ஒத்துக்கிடுதேன். ஒனக்கு இருவத்தேழு வயசு, படுத்து எந்திரிச்சிருவ. ஆனா அந்தால உள்ள வீட்டுல கர்ப்பிணிப் பிள்ளை ஒருத்தி இருக்கா. எதுத்த வீட்டு மாமனுக்குச் சர்க்கரை. இங்கன ஈசிச்சேர்ல ஒரு கெழவன் இருக்கான். எங்களுக்கு வந்தா அது சாதாவா ஸ்பெசலான்னு பொறவுதான் தெரியும்.

சரி, ஊருக்கே பங்கு வச்சுத்தான் தீருவேன்னு நின்னேன்னா, அதுக்கும் வழி சொல்லித் தாறேன், கேளு. மொதல்ல தும்முதப்ப உள்ளங்கையில தும்மு. அந்தக் கையோட போயி எல்லாருக்கும் வணக்கம் சொல்லாம, நல்லா இறுக்கிக் கை குடு. மூக்கு சிந்துன துண்டைக் கொடியில போடு, சின்னப் பிள்ளைய மூஞ்சி தொடைக்கதுக்குத் தோதா. மாஸ்க்கைத் தாடைக்குப் போடு. தாடைக்குத் தடுமம் பிடிச்சிரக் கூடாதுல்லா. 2020-ல மாஸ்க் போடாட்டா 200 ரூவா அவராதம்னு வச்சிருந்தப்ப, போலீசைக் கண்டா மூக்குக்கு ஏறும், போலீசு தாண்டுனா தாடைக்கு எறங்கும். காச்ச கொறைஞ்ச மறுநிமிசம் கல்யாண வீட்டுக்குப் போயி மொதப் பந்தியில உக்காரு. தள்ளாத ஆளா யாரும் இருந்தா தேடிப் பிடிச்சு, காதுக்குப் பக்கத்துல போயிச் சத்தமா, 'நல்லாருக்கியளா தாத்தா' அப்படின்னு கேளு. அடுத்த வாரம் அவரு எப்படி இருக்காருன்னு கேக்க வேண்டிய அவசியம் இருக்காது.

நேத்து ஒரு காரியம் பண்ணுனியே, அதைச் சொல்லாம விட மாட்டேன். மெடிக்கலுக்கு ஆளை விட்டு, 'காச்சலுக்கு ஒரு செட் மாத்திரை'ன்னு வாங்கியாரச் சொல்லிருக்க. வந்துச்சு பாரு பழுப்புக் கவர்ல, நாலு நிறத்துல. சேப்பு ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, பாதி நீலம் பாதி வெள்ளையில கூடு ஒண்ணு, பொட்டுக் கடலையளவுக்கு வெள்ளையா ஒண்ணு. சாமிக்குச் சுண்டல் பொட்டலம் கட்டுன மாதிரி கட்டிக் குடுத்திருக்கான். நான் நர்சம்மாகிட்ட காட்டுனேன். அவ கையில கொட்டி, வெரலால தள்ளித் தள்ளிப் பாத்தா. அந்தக் கூடு ஆன்டிபயாட்டிக்காம். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸு கிட்டப் போயி நின்னாலும் அதை ஒண்ணும் செய்யாது. சும்மா சும்மா முழுங்கி வச்சா, நாளைக்கு நெசமாவே வேணுங்கையில வேலை செய்யாதாம். 2023-ல இந்தக் காச்ச பரவுனப்ப டாக்டர்மாரு சங்கமே அறிக்கை விட்டிருக்கு, இதைக் கண்டபடிக்குக் குடுக்காதியன்னு. அந்தப் பொட்டுக் கடலை ஸ்டீராய்டு. கொரோனா சமயத்துல ஆக்சிஜன் வைக்கிற நெலமையில கெடந்தவனை அது காப்பாத்திருக்கு, நெசம். மூச்சு நல்லா விட்டுக்கிட்டுப் படுத்திருக்கவனுக்கு அதுனால பலன் இல்லைன்னு அப்பவே கண்டுபிடிச்சிட்டாவ. அதைக் கடைக்காரன் தானா எடுத்துக் கட்டுதான், நீயும் வாங்கி வாயில போடப் பாக்க!

ஆனா கடைக்காரனை மட்டும் குத்தம் சொன்னா தப்பு. எங்க காலத்து ஆளுவ பழக்குன பழக்கம்லா இது. ஊசி போடலைன்னா அவரு டாக்டரே இல்லம்போம். ரெண்டு பக்கமும் போட்டாருன்னா கைராசிக்காரரு.

காச்சலுக்கு அந்தப் பாராசிட்டமால் ஒண்ணு போதும். 500 போடு, இல்ல 650 போடு. ஆறு மணி நேர எடைவெளி விட்டுப் போடு. ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டுனா ஈரல் படுத்துரும். இதுல ஒரு சூது இருக்கு: தடுமத்துக்குன்னு தனியா ஒரு மாத்திரை வாங்கி வச்சிருக்கியே, அதுக்குள்ளயும் இதே சரக்குதான் கலந்திருக்கு. ரெண்டையும் சேத்து முழுங்கிட்டு, நான் ஒண்ணொண்ணுதானே போட்டேன்னு சொன்னா ஈரலுக்குக் கணக்குத் தெரியாமலா போவும்? அட்டையைத் திருப்பி, பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு வாசி. இங்கிலீஸ் படிச்சவன்தானே. சின்னப் பிள்ளைய காச்சலுக்கு ஆஸ்பிரின் குடுக்கவே கூடாதுன்னும் நர்சம்மா சொல்லச் சொன்னா, ஒங்க அக்கா மவன் மூக்கு ஒழுகிக்கிட்டு அலையுதான்லா, அதுக்காக.

ஆவி பிடிக்கணுமா? பிடி. மூக்கு தெறக்கும், சொகமா இருக்கும். கிருமி சாகுமான்னா, சாகாது. 2021-ல ரெண்டாவது அலை அடிச்சப்ப பொது எடத்துல வரிசையா ஆவி பிடிக்க வச்சு, பொறவு மந்திரியே அப்படிச் செய்யாதியன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒருத்தன் ஊதுனதை அடுத்தவன் இழுப்பாம்லா. வீட்டுல பிடிக்கதா இருந்தா, கொதிக்க கொதிக்க குண்டானை மடியில வச்சுக்கிட்டுப் போர்வைக்குள்ள பூராத. கவுந்துச்சுன்னா மூக்கடைப்பு மறந்துரும், தொடையைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்ப. பிள்ளையளைக் கிட்டயே சேக்காத.

கபசுரக் குடிநீரா? அதுல 15 சரக்கு. ஆச்சி இந்நேரம் காச்சிருப்பா. கொரோனாவுல தெருத்தெருவா ஊத்துனாவ, நானும் குடிச்சேன். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, ஒங்க ஆச்சியைக் கல்யாணம் பண்ணுன புதுசுல அவ கொழம்பு ருசி ஞாபகத்துக்கு வந்துச்சு. இரு, உள்ள பாத்திரம் உருளுத சத்தம் கேக்கு, மெதுவாப் பேசுதேன். குடிக்கதுன்னா குடி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. என் ஆவலாதி குடிநீர் மேல இல்ல. அதை ஒரு டம்ளர் குடிச்சிட்டு, கவசகுண்டலம் மாட்டுன கர்ணனாட்டம் சந்தைக்குக் கெளம்புனாம்பாரு, அவன் மேலதான்.

இப்ப வெரலை நீட்டு. சன்னல் வழியா அந்த ஆக்சிஜன் அளவு பாக்குத கிளிப்பை உள்ள போட்டிருக்கேன், எடுத்து மாட்டு. கொரோனா சமயத்துல ஒங்க அப்பன் அலைஞ்சு வாங்குனது, பரண்ல கெடந்துச்சு, பேட்டரி மாத்திருக்கேன். இப்ப மாட்டாதல, பேசிக்கிட்டே மாட்டாத. அஞ்சு நிமிசம் சும்மா உக்காரு. கை சில்லுன்னு இருந்தா தேச்சுச் சூடாக்கிக்க. ஒங்க அக்கா போடுதாளே நகத்துக்குச் சாயம், அது இருந்தா தப்பாக் காட்டும். ஒனக்கு அந்தக் கவலை இல்லைன்னு நெனைக்கேன், சென்னையில என்ன பழகிருக்கியோ. ஆங். எவ்வளவு? 97-ஆ? ஒரு நிமிசம் அசையாம வச்சிரு, நிக்குதான்னு பாரு. நிக்குதா? நல்லாருக்கு.

கேலியெல்லாம் இப்ப ஓரமா வச்சிருதேன், இதைக் கவனமாக் கேளு. அது 94-க்குக் கீழ எறங்குனா, ஆறப் போட்டு யோசிக்கக் கூடாது. உக்காந்த எடத்துலயே மூச்சு வாங்குனாலும் சரி, நெஞ்சைப் பிடிச்சு அமுக்குனாலும் சரி, ஒதடு நீலம் பாரிச்சாலும் சரி, பேச்சு ஒளறுனாலும் சரி, எழுப்புனா எந்திரிக்காமக் கெறங்கிக் கெடந்தாலும் சரி, 108-க்குப் போனைப் போடுவோம். அப்ப நல்ல நேரம், ராவுகாலம் பாக்கதில்ல. இன்னொண்ணு இருக்கு, அதைத்தான் நெறைய பேரு கோட்டை விடுதாவ: காச்ச விட்டுட்டு, ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு, மறுபடி குளிரோட திரும்பி வந்து சளி கூடுச்சுன்னா, அது பழைய காச்ச மிச்சம் இல்ல. உள்ள நிமோனியா வேற கடை தெறந்திருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி. அப்ப அந்த ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை இருக்கும், டாக்டர் கையால.

என்னைய மாதிரி கெழடுகட்டை, கர்ப்பிணி, சர்க்கரை, நெஞ்சுச் சீக்கு உள்ளவளுக்கு இந்த ஃப்ளூ வந்தா, நீ படுத்திருக்கது மாதிரிப் படுத்துப் பாத்துட்டுப் போகக் கூடாது. அதுக்குன்னு வைரஸ் மாத்திரை இருக்கு, ஓசல்டாமிவிர்னு பேரு. ரெண்டு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் அதுக்கு வீரியம். பேரைச் சொல்லப் பழகுததுக்கே எனக்கு ரெண்டு நாளாச்சு. அதுனாலதான் ஒனக்குக் காச்சன்னதும் நான் எனக்குத் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன். 98.2. ஒனக்கு அப்புறந்தான் வச்சோம். கழுவித்தான் வச்சோம், மொறைக்காத.

சாப்பாட்டுக்கு என்ன? கஞ்சி. மூஞ்சியைச் சுளிக்காத. ஆர்டர் போட்டா வந்து நிக்குத பிரியாணிக்காரன் இந்த ஊருக்குள்ள வர மாட்டான், வழி தெரியாது அவனுக்கு. புழுங்கலரிசிக் கஞ்சி, உப்புப் போட்டு, சுட்ட அப்பளம். சாயந்தரம் நல்லமெளகு தட்டிப் போட்ட ரசம், சோத்தோட இல்ல, கும்பாவுல ஊத்தி அப்படியே குடிக்கணும். ராத்திரி இருமல் நெஞ்சைப் பறிச்சா ஒரு கரண்டி தேன் நக்கு. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு மட்டும் தேன் கூடாது. கருப்பட்டி போட்டுச் சுக்குக்காப்பி வேணுங்கப்ப கேளு. தொண்டை கரகரன்னா வெந்நியில உப்புப் போட்டுக் கொப்பளி. இதெல்லாம் கிருமியைக் கொல்லும்னு நான் சொல்லல. கெடக்குத வரைக்கும் கொஞ்சம் வசதியாக் கெடக்கலாம், அதுக்குத்தான். தண்ணி பத்துதா பத்தலையான்னு அளந்து பாக்க வேண்டாம். ஒண்ணுக்குப் போவும்போது குனிஞ்சு பாரு; மஞ்சக் கரைச்சு ஊத்துன மாதிரி கொஞ்சமாப் போச்சுன்னா இன்னொரு செம்பு குடி.

ஒங்க ஆச்சி நாட்டுக்கோழி அடிச்சுச் சாறு வைக்கணும்னு நிக்கா. எனக்கு மேலு முடியாமக் கெடந்தப்ப ரெண்டு முட்டைக்குக் கணக்குப் பாத்தவ. ஒனக்கு வாய்க்கு ருசிக்கலைன்னா திருப்பி அனுப்பிராத, அந்த வெலகுன ஸ்டூல் மேல மூடி வை. எச்சி பண்ணாததா இருந்தா நான் ஒரு வழி பாத்துக்கிடுதேன்.

ஆளு வருதாவளே, அதுக்கு என்ன செய்ய? இதுதான் பெரிய ரோதனை. நம்ம ஊர்ல காச்சலைத் தாங்கிரலாம், காச்ச விசாரிக்க வாறவளைத் தாங்க முடியாது. காலையில ஒங்க பெரியம்மை வந்தா, ஆரஞ்சுப் பழத்தோட. கூட ரெண்டு பேரப்பிள்ளை. நேரா உள்ள வந்து ஒன் நெத்தியில கை வச்சுப் பாக்கணுமாம். நெத்தியில கை வச்சுட்டு அதே கையால பிள்ளைக்கு ஆரஞ்சு உரிச்சு ஊட்டுவா. நான் நிலைப்படியில குறுக்க நின்னுக்கிட்டு, 'தாயி, பயலுக்கு என்னமோ புதுசா ஒரு காச்சலாம், தொட்டா ருசி மணம் எல்லாம் போயிருமாம், இனி ஒன் கையால வைக்கிற மீன்கொழம்பு ஒனக்கே மணக்காது'ன்னேன். பழத்தை நடையில வச்சுட்டு அந்தப் படியோட போயிட்டா. கொரோனாக் கதையைக் கொஞ்சம் இதுல ஒட்டிவிட்டுட்டேன், பொய்தான். வேப்பிலை இல்லாத வாசலுக்குப் பொய்யாவது காவல் இருக்கட்டுமே.

ஆச்சி சோறு கொண்டு வருவா. அவ வாசல்ல வைக்கிற வரைக்கும் நீ மூக்கைக் கட்டிக்கிட்டு அந்த மூலையில நில்லு. அவ தள்ளிப் போன பொறவு எடு. தின்ன ஏனத்தை அவளே சோப்புப் போட்டுக் கழுவிக்கிடுவா, கையையும் கழுவிக்கிடுவா. அதுக்காகத் தட்டைத் தூக்கிக் குப்பையில போடுத கூத்தெல்லாம் வேண்டாம். கக்கூசு போயிட்டு வந்தா சன்னலைத் தெறந்து வச்சுட்டு வா.

எப்ப வெளிய விடுவீருன்னு கேக்க. ஏம்ல, செயிலுக்குள்ளயா போட்டிருக்கேன்? மாத்திரை போடாம ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காச்ச எட்டிப் பாக்காம இருக்கணும். மாத்திரை போட்டுக் காச்சலை அமுக்கி வச்சுட்டு 'விட்டுருச்சு தாத்தா'ன்னு ஏமாத்தப் பாக்காத, மாத்திரை அட்டையில எத்தனை ஓட்டை இருக்குன்னு எண்ணி வச்சிருக்கேன். காச்ச விட்ட பொறவும் ஒரு அஞ்சு நாளைக்கு வீட்டுக்குள்ள நடமாடும்போது மூக்கைக் கட்டிக்க, கெழடு கிட்டயும் பச்சைப் பிள்ளை கிட்டயும் போகாத. இருமல் மூணு வாரம் கெடக்கும், அதுக்குப் பயந்து மறுபடியும் செட் மாத்திரைக்கு ஆள் விடாத.

காச்ச விட்ட அன்னைக்கே எளவட்டத் திமிரைக் காட்டி, சிம்முக்கோ கம்முக்கோ போறேம்பியே, இரும்பைத் தூக்குதேன்னு, அது கொஞ்ச நாளைக்கு அங்கனயே கெடக்கட்டும். மொதல்ல தார்சா வரைக்கும் நட. மறுநாள் கெணத்தடி வரைக்கும் போ. தட்டட்டி ஏறுதப்ப மூச்சு வாங்குனா அன்னைக்குப் பொழுதுக்கு அத்தோட எறங்கு. சண்டை முடிஞ்ச ஒடம்பு, அதுக்கும் உக்காந்து வெத்தலை போட நேரம் வேணும்ல. அதை விட்டுட்டுத் துள்ளுனா ரெண்டு மாசத்துக்கு அசதி, படியேறுனா கெறக்கம்னு இழுத்துக்கிட்டுக் கெடப்ப. இதைக் கொரோனாவுலயே எத்தனை பேருகிட்ட பாத்தோம்.

அந்தத் தடுப்பூசி? வருசா வருசம் போடணுமாம் ஃப்ளூவுக்கு, இந்தக் கிருமி வருசத்துக்கு வருசம் சட்டையை மாத்திக்கிடுதாம். நம்ம பக்கம் மழைக்காலத்துலதான் இது தலை தூக்கும், அதுக்கு முந்தியே போட்டுக்கிடணும். நான் போட்டாச்சு. ஆமா, அம்மை குத்துத ஆளைக் கண்டு சுவரேறிக் குதிச்ச அதே ஆளுதான். இப்ப சுவரேற முழங்கால் விட மாட்டேங்குது, கைய நீட்டிட்டேன். ஊசி போட்டாலும் வரவே வராதுன்னு இல்ல, வந்தா அவ்வளவா மோசம் பண்ணாது. அதை நம்பித்தான் இவ்வளவு கிட்ட உக்காந்து ஒனக்கு உபதேசம் பண்ணிக்கிட்டிருக்கேன். நீயும் அடுத்த வருசம் தீவாளி டிக்கெட்டு போடுததுக்கு முந்தி அதைப் போட்டுக்கிட்டு வா. திரும்பிப் போறப்ப பஸ்ல ஏறுனதும் மாஸ்க்கைப் போட்டுக்க. பக்கத்து சீட்டுக்காரன் 'என்ன தம்பி, இன்னுமா கொரோனா?'ன்னு சிரிப்பான். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்.

அந்தா, கேட்டுல சைக்கிள் சத்தம். வடக்குத் தெரு மச்சினன், கையில பன்னு பாக்கெட்டோட வாறாரு. நீ நல்லா ரெண்டு தடவை இருமு, சத்தமா. இருமுல! ஏ மச்சான், அங்கனயே நில்லும்வே, பய மேலுக்குச் சரியில்ல... பன்னையா? அதை மட்டும் அந்தக் கொடியில மாட்டிட்டுப் போம்.